சவுரியில் இருந்த வருஷங்கள்

இது இன்னும் நடக்கவில்லை, கண்ணுகளா. இனிமேல் வரப்போகிற ஒரு காலத்தில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் இல்லாத வேன் கொடுமுடி வரைக்கும் ஓடுகிற காலம். ஒரு தலைமுடியை எடுத்துக் கருவிக்குள் வைத்தால், அந்த உடம்பு போன வருஷம் எப்படி இருந்தது, அதற்கு முந்தின வருஷம் எப்படி இருந்தது என்று அது படித்துச் சொல்லிவிடும். ஈரோட்டில் அதற்கென்றே ஓர் இடம் திறந்திருந்தார்கள். வாசலில் ‘இழை வாசிப்பு நிலையம்’ என்று பெரிய போர்டு. ஊர் அதற்கு வைத்த பெயர் முடி ஜோசியம்.

இவ்வளவு வந்த பிறகும் பெண்கள் களைத்துத்தான் போனார்கள். அதில் ஒருத்தி கோகிலவாணி.

அவளுடைய களைப்பு சபைக்கு வந்தது ஒரு கல்யாணத்தில். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை முறையில் இருப்பவளை மணவறையில் உட்கார வைத்துச் சீர் செய்வார்கள். சித்தப்பா மகனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லாததால் கோகிலவாணியைப் பட்டுச்சேலை கட்டி உட்கார வைத்தார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். தலை தொங்கி, உடம்பு சரிந்து, தாம்பாளத்தின் மேல் விழுந்து, தேங்காய் உருண்டு ஓடியது.

“மணவறையில தூங்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று யாரோ சொல்ல, பந்தல் முழுக்கச் சிரிப்பு. விழித்தவள் முதலில் மாராப்பைச் சரிசெய்தாள். அப்புறம் தேங்காயை எடுக்கப் போனாள். அதை எடுக்கக் குனிந்தவளால் சட்டென்று நிமிர முடியவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. காலையில் எழும்போதே நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் சுவரைப் பிடித்துக்கொள்வாள். எத்தனையோ டாக்டர் பார்த்தாயிற்று. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, தைராய்டு சரி, நெஞ்சு சரி. “மனசுதாங்க காரணம், கோயில் குளம் கூட்டிட்டுப் போங்க” என்றார் ஒருவர். அவளும் தன்னைச் சோம்பேறி என்றே நம்பத் தொடங்கியிருந்தாள். ஒரு சோம்பேறியைக் கட்டிக்கொண்டு புருஷன் என்ன பாடு படுகிறான் என்று அவன் முகத்தைப் பார்க்கவே கூசுவாள்.

புருஷன் திருமூர்த்தி மஞ்சள் மண்டிக்காரன். மண்டியும் வீடும் ஒரே காம்பவுண்டு. அவன் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு: அந்த வீட்டு வாசலை மிதித்தவர்கள் கை நனைக்காமல் திரும்பியதில்லை. வியாபாரியோ, தரகரோ, லாரி ரிப்பேர் பார்க்க வந்தவரோ, மத்தியானம் ஆகிவிட்டால் இலை போட்டுவிடுவார்கள். “கோகிலா, இன்னும் ரெண்டு எல!” என்று மண்டியிலிருந்து திருமூர்த்தி கொடுக்கிற சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். அதில் அவனுக்கு ஒரு கம்பீரம்.

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துச் சொந்தமும் அந்த வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கூடியது.

“சீக்குப் புள்ளைய மறச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு நான் சொல்லலீங்க. ஊரு சொல்லுது” என்றார் திருமூர்த்தியின் பெரியப்பா.

“ஊரு வாயில நீங்க பேசாதீங்க” என்று எழுந்துவிட்டான் கோகிலவாணியின் அண்ணன் குழந்தைவேல். “எங்கூட்ல இருந்தப்ப கன்னுக்குட்டியாட்டத் துள்ளிட்டுத் திரிஞ்சவ. கபடியில பசங்களையே புடிச்சுக் கவுத்துவா.”

“அப்ப இங்க வந்து என்ன ஆச்சாமா? கல்லு ஒடைக்கவா உட்டோம்? அரைக்கறதுக்கு மிசினு, தொவைக்கறதுக்கு மிசினு, கூட்டறதுக்கும் ஒண்ணு வாங்கி உட்ருக்குது. அது பாட்டுக்குக் கட்டுலுக்கடியில ஊர்ந்துட்டுத் திரியுது.”

“அதத்தான் நானும் கேக்கறேன். வந்து என்ன ஆச்சு?”

பேசிப் பேசிக் கடைசியில் முடி ஜோசியத்துக்கு வந்து நின்றார்கள். முடி என்ன சொல்கிறதோ அதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டியது. சீக்கு கல்யாணத்துக்கு முந்தியே இருந்தது என்றால் கல்யாணத்தையே தீர்த்துவிடுவது. ஒன்பது வயசு மகள் செவ்வந்தி அப்பாவிடம் இருந்துகொள்வாள்.

“எந்திரிச்சு நிக்க முடியாதவகிட்டப் புள்ளைய எப்படி உடறது?” என்றார் பெரியப்பா.

திருமூர்த்தி வெற்றிலைத் தட்டைப் பெரியப்பா பக்கம் நகர்த்தி வைத்தான். அவன் கெட்டவன் இல்லை, கண்ணுகளா. சொந்தக்காரர்கள் பேசினால் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறவன், அவ்வளவுதான். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட கோகிலவாணிக்குப் புருஷன் போவதுகூட உறைக்கவில்லை. மகளின் ஸ்கூல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஈரோட்டுக்கு ஐந்து பேர் போனார்கள்: கோகிலவாணி, திருமூர்த்தி, அவன் அம்மா ராமாத்தாள், செவ்வந்தி, அண்ணன் குழந்தைவேல். வாசிக்கிற டாக்டரின் பெயர் பிலோமினா. நாகர்கோவில் பக்கத்து அம்மாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற ரகம்.

அவர் கோகிலவாணியின் பின்னலைப் பிடித்துப் பார்த்தார். “இடுப்பு வரைக்கும் இருக்கு. இதுல ஆறேழு வருஷம் இருக்கும். கல்யாணமாகி எவ்வளவு ஆச்சு?”

“பதினோரு வருசமுங்க” என்றான் திருமூர்த்தி.

“அப்ப எட்டாதே.”

“எட்டுமுங்க” என்றாள் ராமாத்தாள். “சவுரி இருக்குதல்லங்க? அவ சொந்த முடிதான். சீதனத்தோட வந்துச்சு. இங்க வந்தும் உதுர்றத அதுலயேதான் சேத்திட்டு வர்றா. பையில கொண்டாந்துருக்கறேன்.”

இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சீப்பில் வருகிற முடியைப் பெண்கள் எறிய மாட்டார்கள். சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைத்து, ஒரு கட்டுச் சேர்ந்ததும் சவுரியாகக் கட்டிக்கொள்வார்கள். பின்னலோடு வைத்துப் பின்னினால் அடர்த்தியாகத் தெரியும். டாக்டருக்கு அதைப் பார்த்ததும் முகமே மலர்ந்துவிட்டது.

“இதுல இருக்கிற ஒவ்வொரு இழையும் ஒரு காலம்மா. ஒண்ணோட நுனி எங்க இன்னொண்ணோட அடியோட ஒத்துப் போகுதுன்னு கருவியே பாத்துக் கோத்துடும். எவ்வளவு பின்னால வேணும்னாலும் போகலாம்.”

“அப்ப என்றதையும் எடுத்துக்கங்க” என்று ராமாத்தாள் தன் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே இருந்த சவுரியை உருவி மேஜையில் வைத்தாள். “அந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து உதுந்தது. இத்தன வயசுக்கும் நான் தலைவலின்னு படுத்தவ இல்லீங்க. நல்ல ஒடம்பு எப்படி இருக்கும்னு இவளுக்கும் காட்டுங்க.”

கோகிலவாணி தரையைப் பார்த்தாள்.

“எல்லார் முடியும்தான் வேணும்” என்றார் டாக்டர். “தண்ணியில, பாத்திரத்தில ஏதாவது இருந்தா வீட்டுல எல்லாருக்கும் தெரியும்ல?”

திருமூர்த்தி தலையைக் குனிந்து காட்டினான். செவ்வந்தி மட்டும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். “என்றது வேண்டாம்.”

“எறும்பு கடிக்கிற மாதிரிகூட இருக்காது கண்ணு.”

“வேண்டாம். என்றது எதுக்கு?”

“பயந்தாங்கொள்ளி. அம்மாவாட்டமே” என்று திருமூர்த்தி சிரித்துவிட்டு, அவனே ஒரு முடியை எடுத்துக் கொடுத்தான்.

முடிவு தயாராகிவிட்டது என்று தகவல் வந்ததும் ஐந்து பேரும் மறுபடி போய் உட்கார்ந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் ஒரு முடியை நீளப் பட்டையாகப் படுக்கப் போட்டிருந்தது. மேலேயிருந்து வயலைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“நல்லா இருந்த காலம் பச்சை. காஞ்சு போன காலம் பழுப்பு. இது கோகிலவாணியோட சவுரி. கல்யாணத்துக்கு முந்தி.”

பட்டை முழுக்க நடவு முடிந்த வயல் மாதிரி பச்சை.

“சொன்னனல்ல!” என்று குழந்தைவேல் தொடையில் தட்டினான். “பெரியப்பனக் கூட்டியாங்க இப்ப!”

“இந்த இடத்தில கல்யாணம். பொண்ணு நாலஞ்சு நாள் தூங்கவே இல்லை போல” என்று டாக்டர் சிரித்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பட்டை நகர நகரப் பச்சை வெளுத்தது. மஞ்சளாயிற்று. பழுப்பாயிற்று. நடுவில் ஒரு துண்டு மட்டும் பச்சை.

“இது எப்ப?”

“செவ்வந்தி வயித்துல இருந்தப்பங்க” என்றாள் கோகிலவாணி மெதுவாக. “அண்ணன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க.”

மறுபடியும் பழுப்பு. அங்கிருந்து நேற்று வரைக்கும் பழுப்புதான்.

“இது என்ன சீக்குங்க?” என்றான் திருமூர்த்தி.

“சீக்கு இல்லைங்க.”

“தண்ணியில ஏதாச்சும் வெசமா?”

“இல்லை. கவலைக்குக்கூட வேற நிறம் உண்டு, அதுவும் இல்லை.” டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “இது பட்டினி.”

முதலில் எழுந்தது ராமாத்தாளின் குரல்தான்.

“எங்கூட்லயா? ஊருக்கே சோறு போடற ஊட்லயா? யாரப் பாத்துச் சொல்றீங்க? ஒரு நாளைக்கு எத்தன எல விழுகுதுன்னு வந்து பாருங்க! நான் எம் மருமவளக் கஞ்சி ஊத்தாமப் போட்டு வெச்சுருக்கறனா? சொல்லு அம்மிணி, உன்னைய ஒருநாள் சாப்புடாதீன்னு சொல்லியிருக்கறனா?”

“இல்லீங்கத்தை” என்றாள் கோகிலவாணி. உண்மை அதுதான். யாரும் சொன்னதில்லை.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மத்தியானத்துக்கு எவ்வளவு அரிசி போடுவம்மா?”

“அத்தை காட்டிக் குடுத்த அளவுதாங்க.”

“திடீர்னு ரெண்டு பேர் வந்துட்டா?”

“சரிக்கட்டிக்குவேங்க.”

“எப்படி?”

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள். வெட்கக்கேடான காரியம் ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி முகம் சிவந்தது. “ரசத்துக்குக் கொஞ்சம் தண்ணி சேத்திக்கலாமுங்க. எனக்கு அடிச்சோறு இருக்கும். மோரு இருக்கும். கொழந்த வெச்ச மிச்சம் இருக்கும். போதுமானதா இருக்குமுங்க.”

“ராத்திரிக்கு?”

“ராத்திரிக்கும் லாரிக்காரங்க வருவாங்க.”

“மறுபடியும் உலை வைக்கலாமே? வீட்டுல அரிசிக்கா பஞ்சம்?”

கோகிலவாணி மாமியாரைப் பார்த்தாள். ராமாத்தாள்தான் சொன்னாள், கொஞ்சம் குரல் தாழ்ந்து: “ஒரு வேளைக்கு ரெண்டாம் ஒலை வெக்கறது எங்கூட்ல வழக்கமில்லீங்க. சோறு பத்தலீன்னு வந்தவங்களுக்குத் தெரிஞ்சு போயிரும். அப்புறம் அவங்க கை வெக்கக் கூசுவாங்க. மானம் போயிருமல்லங்க?”

“ரத்தத்துல ஒண்ணுமில்லீன்னுதான எல்லா டாக்டரும் சொன்னாங்க?” என்று கேட்டான் திருமூர்த்தி. விடுபட ஒரு சந்து தேடுகிற குரல்.

“ரத்தமும் உங்க வீடு மாதிரிதாங்க. வெளியில காட்டிக்காது. சதையிலயும் எலும்பிலயும் இருக்கிறதை எடுத்தாவது தன்னை நிறைவா வச்சுக்கும். ஊசி போட்டு எடுத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். உள்ளே உடம்பு அடுப்பைக் குறைச்சு வச்சுட்டது. வர்றது இவ்வளவுதான்னு பழகிட்டது. அதுக்கப்புறம் படி ஏறணும்னா எங்கிருந்து வரும்? மணவறையில தூங்காம என்ன செய்யும்?”

“நான் தெனமும் கேக்கறனுங்களே!” என்றான் திருமூர்த்தி. “ஒருநாள் தவறாமக் கேப்பேன். சாப்புட்டியா கோகிலான்னு. ஆச்சுங்கன்னுதான் சொல்லுவா. கேளுங்க அவளையே.”

“ஆமாங்க, கேப்பாங்க” என்றாள் அவள், அவனுக்காகச் சாட்சி சொல்கிறவள் மாதிரி. அப்புறம், “கேக்கறப்ப விருந்தாளிக கை கழுவிட்டு நிப்பாங்க. வேற என்னங்க சொல்றது?” என்றாள்.

ராமாத்தாளுக்கு அடங்கவில்லை. “ஏனுங்க, நானும் அதே சமையல்கட்டுல அதே அளவுலதான் பொழங்குனேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே? என்ற சவுரியப் போட்டுக் காட்டுங்க. அப்பத் தெரியும், இது ஊட்டுக் குத்தமா, இவ ஒடம்புக் குத்தமான்னு.”

டாக்டர் தயங்கினார். “அம்மா, அதை இன்னொரு நாள் பாக்கலாமே.”

“போடுங்கன்னா போடுங்க.”

போட்டார். பழுப்பு. கண்ணுக்கெட்டிய வரைக்கும் பழுப்பு. சித்திரை மாசத்துக் கட்டாந்தரை மாதிரி ஒரு புல்கூட இல்லாமல், வருஷம் வருஷமாக. சவுரி முடியப் போகிற இடத்தில் பச்சை தொடங்கியது, அதன்பின் இப்போது தலையில் இருக்கிற முடி வந்தது. அது அடியிலிருந்து நுனி வரை பச்சை.

“இந்தப் பழுப்பு எங்க முடியுதுன்னு...” என்று ஆரம்பித்த டாக்டர் நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மருமகள் வந்து கரண்டியைக் கையில் வாங்கின வருஷம் அது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

“உங்களுக்குத் தலைவலியே வந்ததில்லையாம்மா?”

“வந்தா யாருகிட்டச் சொல்றது?” என்றாள் ராமாத்தாள். சவுரி இல்லாத கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. அதைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். திரையைப் பார்த்தபடியே, மருமகள் பக்கம் திரும்பாமல் பேசினாள். “உன்னையக் கூட்டியாந்த அன்னிக்கு, விருந்தாளியெல்லாம் போனதுக்கப்புறம், நீ சோத்துச் சட்டிய வழிச்சுட்டு இருந்தே அம்மிணி. நான் பாத்தேன். அடியில இருக்கறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? இனி நமக்கு அது இல்லைன்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. போயி வெத்தல போட்டுட்டுப் படுத்துக்கிட்டேன்.”

குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டான். “போதும், கேட்டாச்சு. எந்திரி கோகிலா. புள்ளையக் கூட்டிட்டு வா, நம்மூட்டுக்குப் போலாம். உங்கண்ணன் ஊட்ல உனக்கு வயிறாரச் சோறு இருக்குது.”

“அங்க யாருண்ணா கடசியாச் சாப்புடறது?” என்றாள் கோகிலவாணி.

“என்னது?”

“அண்ணிதான? நான் அங்க வந்தா அவங்களுக்கு அடிச்சோறும் இருக்காது.”

“உங்க வீட்டம்மா முடி ஒண்ணு கொண்டு வாங்க, சும்மாவே பாத்துச் சொல்றேன்” என்றார் டாக்டர். குழந்தைவேல் தோளில் போட்ட துண்டை எடுத்து, மடித்து, கையில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

திருமூர்த்தியின் முடி வந்தது. சின்னத் துண்டு. அடர் பச்சை, வாய்க்காலோரத்து வயல் மாதிரி. தன் உடம்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைப் பார்த்து ஒரு மனுஷன் தலை குனிந்ததை டாக்டர் அன்றுதான் பார்த்திருப்பார்.

“புள்ளைய எடுத்துக்கறதப் பத்தி இனி யாரும் பேச மாட்டாங்க” என்றான் அவன். “நான் பேசிக்கறேன். போலாம்.”

“உக்காருங்க. இன்னொண்ணு இருக்கு” என்றார் டாக்டர்.

செவ்வந்தி நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

திரையில் குழந்தையின் முடி. பச்சை, நல்ல பச்சை, தளதளவென்று. அப்புறம் போன வருஷம் ஸ்கூல் திறந்த சமயத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்து, இப்போது வேர் வரைக்கும் மஞ்சள். ஓரத்தில் பழுப்பு தொட்டுவிட்டது.

திருமூர்த்தி எழுந்தே விட்டான். “இது தப்புங்க! மிசினு தப்பாச் சொல்லுது! இவ என்ற பக்கத்துல மொதப் பந்தியில உக்காந்து சாப்புடறவ. என்ற எலைக்கு என்ன உண்டோ அது இவளுக்கும் உண்டு. முட்டை, கறி, நெய்யி எல்லாம் நானே எடுத்து வெக்கறேன். எங் கண்ணு முன்னால சாப்புடறாளுங்க!”

டாக்டர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். “செவ்வந்தி, இங்க வா கண்ணு. உனக்குப் பசிக்காதா?”

“பசிக்கும்.”

“அப்புறம்?”

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. சொன்னால் யார் அடி வாங்குவார்கள் என்று கணக்குப் பார்க்கிற பார்வை. பிறகு டாக்டரின் காதுக்குள் சொல்கிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது.

“நான் மிச்சம் வெச்சாத்தான் அம்மா சாப்புடுவாங்க.”

கோகிலவாணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்தால் அதைச் சாப்பிடுவது தாய்தான். எச்சில் என்று பார்க்க மாட்டாள், வீணாக்கவும் மனசு வராது. அதை அந்தக் குழந்தை கண்டுபிடித்து வைத்திருந்தது. முட்டையில் பாதி, கறியில் இரண்டு துண்டு, நெய் ஊற்றின சோறு தட்டின் ஓரமாக. வயிறு வலிக்கிறது என்று ஒருநாள், காரமாக இருக்கிறது என்று ஒருநாள். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அவள் அம்மாவின் களைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷமும், செவ்வந்தி காரணத்தைத் தெரிந்துகொண்டு வைத்தியமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்ற திருமூர்த்தி மறுபடி உட்கார்ந்தான். அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது வேறொன்று. தட்டில் மிச்சம் வைத்ததற்காக விருந்தாளிகளின் எதிரில் எத்தனை தடவை அந்தக் குழந்தையைத் திட்டியிருக்கிறான். “சோத்த வீணாக்கறவ ஒரு ஊட்டுக்கும் ஆக மாட்டா” என்று சொல்லியிருக்கிறான். ஒருநாள் கையை ஓங்கி முதுகில் ஒன்று வைக்கவும் வைத்தான். அடி வாங்கிக்கொண்டு அழுதாளே தவிர, தட்டை எடுத்துத் தின்று தீர்க்கவில்லை. என்ன பிடிவாதம் இந்தக் கழுதைக்கு என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

“இவளுக்குச் சரியாயிருமுங்களா?” என்றாள் கோகிலவாணி. தன்னைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

“சின்ன உடம்பு, சீக்கிரம் தேறிடும். உனக்குத்தான் நாளாகும். குறைச்ச அடுப்பைச் சட்டுனு கூட்ட முடியாது. முதல்ல நாலு வாய்க்கு மேல இறங்காது உனக்கு. விடாம சாப்பிடணும், மாசக்கணக்கில. இரும்புச் சத்துக்கு எழுதித் தர்றேன். ஆனா மாத்திரை ரெண்டாவதுதான்.”

கோகிலவாணி தலையசைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். பதினோரு வருஷத்தில் அவள் அவனை நேராகப் பார்த்துப் பேசின முதல் பேச்சு அதுவாக இருக்கலாம்.

“ஆடி முடிஞ்சதும் இவ முடிய மறுபடி கொண்டாந்து பாப்பேங்க. வேருகிட்டப் பச்சையா இல்லீன்னா நானும் இவளும் கெளம்பிருவோம். அண்ணன் ஊட்டுக்கு இல்லீங்க. தனியா எங்கயாச்சும். ரெண்டு பேருக்கு ஒலை வெச்சுக்க எனக்குத் தெரியும்.”

“சரி” என்றான்.

வேனில் வரும்போது பெரியப்பா போனில் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்டது அவர் குரல். “என்ன சொல்லுது முடி? சீக்கு யார் ஊட்டுது?”

“நம்மூட்டுதுங்க பெரியப்பா.”

“என்னடா சொல்றே?”

“நம்மூட்டு வழியா வந்த சீக்குங்க. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. உங்கூட்லயும் இருக்கும், பெரியம்மாளக் கேட்டுப் பாருங்க. நெசத்தச் சொல்ல மாட்டாங்க, இருந்தாலும் கேளுங்க.” வைத்துவிட்டான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் கை வைக்கப் போனவன், எதையோ நினைத்துக் கையை எடுத்துக்கொண்டான்.

வீடு வந்து சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். மண்டி வாசலில் பெருந்துறை வியாபாரிகள் இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பழகினவர்கள், உரிமை உள்ளவர்கள்.

“வாங்க திருமூர்த்தி, உங்களுக்காகத்தான் பசியோட உக்காந்துருக்கறோம்” என்றார் ஒருவர் சிரித்துக்கொண்டே. “அம்மிணி, இன்னிக்கு என்ன கொழம்பு?”

கோகிலவாணி பழக்கத்தில் வேகமாக உள்ளே நடந்தாள். திருமூர்த்தி அவள் குறுக்கே வந்து நின்றான். அவன் அப்பா, அப்பாவின் அப்பா, யாரும் அந்த வாசலில் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“இன்னிக்கு எங்கூட்ல உங்களுக்குச் சோறு இல்லீங்க.”

அவர்கள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒருவர் செருப்பைத் தேடினார். இன்னொருவர், “ஏனப்பா, ஊட்ல ஏதாச்சும் துக்கமா?” என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் நின்றான். அவர்கள் போய் வெகுநேரமாகியும் காது மடல் எரிந்துகொண்டே இருந்தது. ஊருக்குள் இந்தச் செய்தி மாலைக்குள் பரவிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே ராமாத்தாள் உலை வைத்திருந்தாள். பழைய அளவுப்படி அளந்து போட்டவள், நின்று, மறுபடியும் ஒரு படி அள்ளிப் போட்டாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். கொதித்துப் பொங்கி அடுப்பெல்லாம் கஞ்சி வழிந்தது. பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். “என்னங்கத்தை இவ்வளவு!” என்று ஓடிவந்த மருமகளைத் தோளைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். செவ்வந்தி நடுவில் வந்து இடம் பிடித்தாள். மூன்று இலை.

பரிமாறினது திருமூர்த்தி. ஊருக்கெல்லாம் பரிமாறின கை, சொந்த வீட்டுப் பெண்களுக்குப் பரிமாறும்போது எந்தப் பக்கம் குனிவது என்று தெரியாமல் தடுமாறியது. பருப்பு ஊற்றினான், நெய் விட்டான், முட்டை வைத்தான். ராமாத்தாள் பிசைந்தாளே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தது. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கோகிலவாணி மெதுவாக நாலு வாய் சாப்பிட்டாள். அடுத்த கரண்டியோடு அவன் வந்தபோது இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தாள்.

“போதுங்க.”

வந்தவர்கள் எத்தனையோ பேர் அப்படிக் கையை விரித்திருக்கிறார்கள். திருமூர்த்தி ஒருநாளும் நம்பியதில்லை. கூச்சத்தில் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே விரலிடுக்கு வழியாகச் சோற்றைத் தள்ளிவிடுவான். அவன் பெயர் வாங்கினதே அதில்தான். முன்பின் தெரியாத லாரிக்காரரின் ‘போதும்’ எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்று அவனுக்குப் பார்த்தவுடனே தெரியும். இவளுடையது தெரியவில்லை. நிஜமாகவே வயிறு அவ்வளவுதான் வாங்குகிறதா, இல்லை பழைய ‘ஆச்சுங்க’ தானா என்று முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

கரண்டியோடு குனிந்தபடியே நின்றான். பிறகு மகள் பக்கம் திரும்பிக் கேட்டான்.

“அம்மாவுக்குப் போதுமா சாமி?”

செவ்வந்தி அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

“இல்லீங்கப்பா” என்றாள். “இன்னும் ஒரு கரண்டி வெய்யிங்க. கொஞ்ச நேரங் கழிச்சு.”